‘க்’கைக் காப்பாற்றி ‘ற’வை விட்ட கதை

வயதானால் மூட்டு தேயும் என்பார்கள். எனக்குத் தேய்ந்தது சொற்கள் சேரும் மூட்டு. தனிச்சொல் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதுவேன். இரண்டு சொல் சேர்ந்தால் போதும், நடுவில் ஒற்று வருமா, வராதா என்று பேனா நின்றுவிடும். அந்தக் கவலையில் மற்ற எழுத்துகள் தம் இஷ்டத்துக்கு வந்து உட்காரும். (நான் ரிட்டயர்டு தமிழ் டீச்சர். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

என் மகன் கல்யாணத்தில் இந்த வியாதி ஊரறிய வெளிப்பட்டது. பெண் வீட்டார் பேராவூரணி. கல்யாணத்தை அங்கே வைக்காமல் எங்கள் பூதலூர் மாதா கோயிலில் வைத்ததில் அவர்களுக்கு மனத்தாங்கல். அவர்களைக் குளிர்விக்க, மண்டப வாசலில் தனியாக ஒரு பிளெக்ஸ் வைக்க முடிவு செய்தேன். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

“டீச்சர், இந்த ‘க்’க எடுத்துட்டா ஒரே வரியில அடங்கிடும்” என்றார் பிளெக்ஸ் கடைக்காரர்.

“உயிரே போனாலும் எடுக்கக் கூடாதுங்க! இரண்டாம் வேற்றுமை உருபு. ஒற்று மிகும்!”

பாவம், எழுத்தைச் சிறிதாக்கி ‘க்’கை நுழைத்தார்.

கல்யாணத்தன்று வேனிலிருந்து இறங்கிய சம்பந்தி, அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

“சம்பந்தியம்மா, இது சின்ன ‘ர’தானே?”

பார்த்தேன். ‘பேராவூரணி இரைமக்களைக் கனிவோடு வரவேற்கிறோம்.’ ஆண்டவரின் பிள்ளைகளை அழைக்கப் போய், புலிக்குப் போடும் தீனியை அழைத்திருந்தேன்.

“அப்ப எங்கள அடிச்சுத் திங்கத்தான் கூப்பிட்டிருக்கீங்க?”

அவர் முகத்தில் சிரிப்பில்லை. பின்னால் பெண்ணின் அத்தை, “நான் அப்பவே சொன்னேன், நம்மள மதிக்க மாட்டாங்கன்னு” என்று ஆரம்பித்தார். கல்யாணம் நின்றே விடும் என்று பயந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

“அந்த ‘க்’கு சரியா இருக்கு பாருங்க...”

சம்பந்தி மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி. “ஆமா, ‘க்’கு சரியாத்தான் இருக்கு!” என்று அவர் வெடித்துச் சிரிக்க, வேனே சிரித்தது. அத்தை மட்டும் பந்தியில் சிக்கன் வரும்வரை சிரிக்கவில்லை.

இன்றும் பேராவூரணியிலிருந்து புறப்படும்போதெல்லாம் சம்பந்தி போன் போட்டுவிடுவார்.

“சம்பந்தியம்மா, இரை கெளம்பிடுச்சு!”

நானும் வெட்கமில்லாமல் சொல்கிறேன்: “மசாலா அரைச்சு வெச்சிருக்கேன், வாங்க.”