வுடுங்க மாப்ள!

பொய்களிலேயே ஆபத்தானது "எனக்கு பைக் ஓட்டத் தெரியும்" என்பதுதான். மற்ற பொய்களுக்கு யாரும் உடனே சாவியை எடுத்து நீட்டுவதில்லை.

பெண் பார்க்கப் போன அன்று அதைச் சொல்லித் தொலைத்தேன். (பெண் எதிரே நிற்கும்போது மொபெட் என்ற வார்த்தை வாயில் வருமா?) நிச்சயம் முடிந்த மறுவாரம் வருங்கால மாமனார் தன் புது பைக்கோடு வந்துவிட்டார்.

"கரியாலூர்ல என் கூட்டாளி ஒருத்தன், மாப்ளய கண்ணுல காட்டுனாத்தான் பத்திரிகை வாங்குவேன்றான். நீங்களே ஓட்டுங்க."

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரம் வரை எப்படியோ தப்பித்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. பயத்தில் இன்னும் இறுக்கினேன். ஆக்சிலேட்டர் திருகிக்கொண்டது. வண்டி பாய, நான் பின்னால் சாய்ந்தேன். சாயச் சாய அது மேலும் திருகியது.

"வுடுங்க மாப்ள, வுடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் மாமனார்.

எங்கள் பக்கம் வண்டியில் உட்கார்ந்தவர் "வுடு" என்றால் வேகமாகப் போ என்று அர்த்தம். மனுஷர் குஷியாகிவிட்டார் போல! பயந்தாங்கொள்ளிக்கு யார் பெண் கொடுப்பார்? முழுசாக முறுக்கினேன்.

வண்டி சாலையை விட்டு மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி, நாலைந்து செடிகளைச் சாய்த்து, ஈர மண்ணில் புதைந்து நின்றது. மாமனார் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், மடியில் பத்திரிகைப் பையோடு. நல்லவேளை, இருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"கைய வுடுங்கன்னா வண்டிய வுடுறீங்களே! இன்னா மாப்ள இது?"

காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து என்னைப் பார்த்தார். "இன்னும் புடிச்சிக்கினு நிக்கிறாரு பாருங்க!"

ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"மாமா, நான் மொபெட்டுதான் ஓட்டியிருக்கேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல மூச்சு வுடாதீங்க. எங்கூட்டுக்காரி உங்கள வேணாம்னுதான் சொன்னா. நான்தான் அடிச்சிப் பேசி முடிச்சேன்."

அப்போது விட்டேன் பாருங்கள் ஒரு பெருமூச்சு, அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை.

மூவருமாகச் செடிகளை நிமிர்த்தி மண் அணைத்தோம். பிறகு மாமனார் ஓட்ட, நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அடுத்த வளைவில், "வுடுங்க மாப்ள, நோவுது" என்றார். இந்த முறை சரியாகப் புரிந்தது.

ரகசியம் முகூர்த்தம் வரைதான் தாங்கியது. மணமேடையைச் சுற்றி வரும்போது, "கொஞ்சம் வுடுங்க, வெரலு வலிக்குது" என்றாள் மணப்பெண். பக்கத்தில் நின்ற மாமனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கக் கதை பரவிவிட்டது.

இப்போது மலையெல்லாம் நன்றாகவே ஏறுகிறேன், தளர்ந்த கையோடு. ஆனாலும் ஏதாவது சண்டையில் என் மனைவி "சரி வுடுங்க" என்றால் போதும், மகள் உள்ளறையிலிருந்து கேட்பாள்:

"எதப்பா? கையயா, வண்டியயா?"