என் உள்ளங்கையில் எழுந்து நின்ற தேங்காய்

முன்பின் தெரியாத ஒருவன் கோடீஸ்வரன் ஆனால் நமக்கு வயிறு எரிவதில்லை. பேப்பரில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு, அதே பேப்பரில் போண்டாவை வைத்து எண்ணெய் பிழிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் கொஞ்சம் எரியும். ஆயுதபூஜை வருவதற்குள் அடங்கிவிடும். ஆனால் பத்தாம் வகுப்பில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கணக்குப் பேப்பரைப் பார்த்து எழுதி, அதையும் பாதி தப்பாக எழுதிப் பாஸ் பண்ணியவன் பெரிய ஆளாக வந்து நிற்கும்போது எரியும் பாருங்கள், அதற்கு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மாத்திரை கிடையாது.

என் விஷயத்தில் அவன் பெயர் பழனிச்சாமி.

நான் சண்முகம். ராசிபுரத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். (தற்பெருமை இல்லை. வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.) பழனிச்சாமி பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு போர் போடும் ரிக் வண்டியில் ஆளாக ஏறினான். அந்த வண்டி வடநாடு போனது, அப்புறம் ஆப்பிரிக்கா போனது. திரும்பி வரும்போது வண்டிகளுக்கே அவன்தான் முதலாளி. முதல் ரேங்க் நான், இன்னும் லுங்கி வாங்கினால் துண்டு இலவசம் என்று போர்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் கூட எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும். முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்றைச் சாந்தி ஆரம்பித்ததுதான் வினை. சாந்தி எங்களோடு படித்தவர், இப்போது சேலத்தில் நர்ஸ். ஊர் ஊராகத் தேடி எல்லோர் நம்பரையும் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படிக்கும் காலத்தில் எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணும் பேசியதே இல்லை. அதனால் இப்போது புதிதாக அறிமுகமானவர்கள் போல ஒருவருக்கொருவர் "வாங்க, போங்க" என்று ஒரே மரியாதை.

குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பழனிச்சாமி ஆப்பிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் போட்டால் கைதட்டல் பொம்மைகள் குவியும். வெறும் "குட்மார்னிங்" போட்டால்கூட ரோஜாப்பூவாகக் கொட்டும். நான் கடையில் புதிதாக வந்த சின்னாளபட்டிச் சேலையைப் படம் எடுத்துப் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் பழனிச்சாமி போட்டது. அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

அந்தக் கோடையில் சங்கத்தின் முதல் சந்திப்பைப் பள்ளிக்கூடத்திலேயே நடத்துவதென்று முடிவானது. உடனே பழனிச்சாமி ஒரு குரல்பதிவு போட்டான். "நம்ம பள்ளிக்கூடத்துல புள்ளைங்க குடிக்கத் தண்ணிக்குச் சிரமப்படுதுங்களாம். அன்னிக்கே வண்டியக் கொண்டாந்து என்ற செலவுல ஒரு போரு போட்டுக் குடுத்தர்றேனுங்க."

குழு ஆடிப்போனது. தெய்வமே என்றார் ஒருவர். கொடுத்து வைத்த பள்ளிக்கூடம் என்றார் இன்னொருவர். சாந்தி, "சுவத்துல கல்வெட்டு வெக்கோணுமுங்க. பழனிச்சாமி பேரு நெலச்சு நிக்கோணும்" என்று போட்டார். கல்வெட்டு என்ற வார்த்தையில் என் உயிர் சிக்கிக்கொண்டது. முதல் ரேங்க் வாங்கியவன் பெயர் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதப்பட்டு அன்று சாயங்காலமே அழிந்துவிட்டது. பார்த்து எழுதியவன் பெயர் கிரானைட்டில் நிற்கப் போகிறதா? அந்தக் கல்லில் என் பெயரும் ஏறியே ஆக வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் நீரோட்டம் பார்க்காமல் யாரும் போர் போட மாட்டார்கள். உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் நிலத்தில் நடப்பார். கீழே தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. ஓ பாசிட்டிவ் ரத்தம் இருப்பவர்களுக்குத்தான் அது கைகூடும் என்றும் சொல்வார்கள். நீரோட்டம் பார்ப்பவருக்கு வெற்றிலை பாக்கு, பழம், மாலை எல்லாம் உண்டு. எனக்கு ஓ பாசிட்டிவ். (வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே பாசிட்டிவ் அதுதான்.)

"நீரோட்டம் பாக்காம எறக்குனா வெறும் புழுதிதான் வரும். நான் தேங்காய் வெச்சுப் பாப்பேனுங்க. என்ற கை ராசியான கை" என்று குழுவில் எழுதிவிட்டேன்.

"அட, சண்முகம்! உங்களுக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?" என்று சாந்தி கேட்டதோடு, முதன்முதலாக எனக்கும் ரோஜாப்பூக்கள் வந்தன. அதை வீட்டில் மல்லிகாவிடம் காட்டினேன். என் மனைவிக்கு இரண்டாவது வரி படிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க, நம்மூட்டு போரே காஞ்சு கெடக்குது. இங்க தெரியாத நீரோட்டம் அங்க போனா மட்டும் தெரிஞ்சிருமாக்கும்?"

"உனக்கொண்ணும் தெரியாது, சும்மா இரு."

"நான் சும்மா இருந்துக்கறேன். நீங்கதான் சும்மா இருக்க மாட்டேங்கறீங்க."

அடுத்து வந்த நாட்களில் கொல்லைப்புறத்தில் தேங்காயோடு நடை பழகினேன். ஒரு தேங்காய்கூட எழவில்லை. எல்லாம் சட்னிக்குத்தான் போயின. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளங்கையின் அடிப்பக்கத்தை லேசாகத் தூக்கி, சுண்டுவிரலால் ஒரு நெம்பு நெம்பினால் தேங்காய் சாமி வந்ததுபோல எழுந்து நின்றது. எப்படி எழுப்புவது என்பது தெரிந்துவிட்டது. எங்கே எழுப்புவது என்பதுதான் பாக்கி.

சந்திப்பு நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. தலை நரைத்தவர்களும் வழுக்கை விழுந்தவர்களும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரிக் வண்டி வந்து நின்றது. அதன் நெற்றியில் பழனிச்சாமியின் பெயர், என் கடை போர்டைவிடப் பெரிய எழுத்தில். வண்டியிலிருந்து இறங்கியவன் நேராக என்னிடம்தான் வந்தான்.

"மாப்ளே சண்முகம்! மெசின் வெச்சுத் தண்ணிப் பாயிண்ட்டு பாக்கறவரு ஒருத்தரு நம்மகிட்ட இருக்காரு. நீ இருக்கறப்ப அவரெதுக்குன்னு கூட்டிட்டு வரல. உன்னப் பாத்து எழுதித்தான் நான் பாஸே ஆனேன். நீ எங்க காட்டறயோ அங்க எறக்கறேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் நல்ல மனிதனாக இருந்திருந்தால் அங்கேயே கண் கலங்கியிருக்கும். நான், 'இதையும் சொல்லி எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கிக்கொள்கிறானே' என்று பல்லைக் கடித்தேன்.

கடையிலிருந்து எடுத்துக் கட்டிவந்த பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி, கண்ணைப் பாதி மூடி, தேங்காயோடு நடந்தேன். மொத்த வகுப்பும் பின்னால் வந்தது. கோடையில் மைதானம் முழுவதும் கருகிக் கிடந்தது. ஆனால் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று, ஆடு பார்த்தால் கண்ணீர் விடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. என் முதல் ரேங்க் மூளை உடனே வேலை செய்தது. மேலே பச்சை என்றால் கீழே ஈரம். ஈரம் என்றால் ஊற்று. அங்கே போய் நின்று சுண்டுவிரலால் நெம்பினேன். தேங்காய் விருட்டென்று எழுந்தது.

"நின்னிருச்சு! நின்னிருச்சு!" என்று சாந்தி கத்தினார். கைதட்டல் காதைப் பிளந்தது. மாலை போட்டார்கள். ஓரக்கண்ணால் பழனிச்சாமியைப் பார்த்தேன். பொறாமைப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பாவி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முடுக்கினார்கள். கொஞ்ச நேரம்தான் மண் பறந்தது. பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, சாமியானா உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது!

இவ்வளவு மேலாகவே தண்ணீர் வந்த போரை நாமக்கல் ஜில்லாவே கண்டதில்லை. பட்டுச்சேலை, வெள்ளைவேட்டி பார்க்காமல் எல்லோரும் நனைந்து ஆடினார்கள். என்னைத் தோளில் தூக்கினார்கள். பழனிச்சாமி தனக்குப் போட்டிருந்த பொன்னாடையைக் கழற்றி எனக்குப் போர்த்தினான். சாந்தி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நம்மூருல முக்காவாசி எடத்துல உப்புத் தண்ணிதான் வரும். இது தேனாட்ட இனிக்குதுங்க!" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர், "ஆனா லேசா பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்குதுங்களே" என்றார்.

"அது பூமிக்குள்ள இருக்கற மினரலுங்க" என்றேன் நான், தோளில் இருந்தபடியே. அவ்வளவு உயரத்தில் இருந்து பேசும்போது எதுவும் உண்மை மாதிரிதான் இருக்கிறது.

அப்போதுதான் பள்ளிக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா, பாதி நிரம்பிய குடத்தோடு கேட்டுக்குள் வந்தார்.

"ஏனுங்க, கொழாயில காவேரித் தண்ணி புடிச்சிட்டிருந்தனுங்க. இங்க டங்குன்னு சத்தம் கேட்டுது, அங்க பொசுக்குன்னு நின்னு போச்சு. என்னதான் பண்ணுனீங்க?"

ஆட்டம் நின்றது. பழனிச்சாமி, "டேய், வண்டிய நிறுத்து!" என்றான். வண்டி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. நாங்கள் படித்து முடித்துப் போன பிறகு மைதானத்துக்கு அடியில் குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். சுற்றியிருந்த அத்தனை ஊருக்கும் போகும் மெயின் பைப். அது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நாளாகக் கசிந்து, அங்கே மட்டும் புல் வளர்த்திருக்கிறது. (தேங்காயைக் குறை சொல்லாதீர்கள். கீழே நீரோட்டம் இருக்கத்தான் செய்தது.)

என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தண்ணீர் பிரியாணி அடுப்புக்குள் புகுந்தது. காலிக் குடங்களோடு ஊர் மொத்தமும் திரண்டு வந்தது. நான் மாலையும் தேங்காயுமாக நழுவி, எங்கள் பழைய பத்தாம் வகுப்பு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எந்தக் கூறுகெட்டவன் இந்த எடத்தக் காட்டுனது?" என்று வெளியே ஒருவர் கத்தினார்.

"நாந்தானுங்க" என்றது பழனிச்சாமியின் குரல். "என்ற வண்டி, என்ற பொறுப்பு. பைப்ப நானே சரிபண்ணித் தர்றேன். அதுவரைக்கும் ஊருக்கு டேங்கர்ல தண்ணி வந்துரும். யாரும் கோவிச்சுக்காதீங்க."

கூட்டம் சட்டென்று அமைதியானது. "இப்பிடி ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணுமுங்க" என்றது ஒரு கிழவரின் குரல். "பெரிய மனுசன்னா இவருதான்" என்றது இன்னொன்று. ஜன்னல் வழியே பார்த்தேன். சாந்தி அவனைக் கண்ணில் நீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

 பணம் அவனுக்கு, ரோஜாப்பூ அவனுக்கு, இப்போது நான் செய்த தப்புக்கும் பாராட்டு அவனுக்கா? கதவைத் தள்ளித் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

"இல்லீங்க! அவன் பொய் சொல்றான்! எடத்தக் காட்டுனது நான்! நான் மட்டுந்தான்! இதா பாருங்க, தேங்காய்!"

உலகத்தில் பொறாமை தாங்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அந்தக் கிழக்குரலுக்குச் சொந்தக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கும் ஒரு பாராட்டு வரும் என்று நின்றேன். வந்ததை இங்கே எழுத முடியாது. என் பரம்பரையில் யாரையும் ஊர்க்காரர்கள் விட்டுவைக்கவில்லை. மாலையைக் கழற்றக்கூட அவகாசம் தரவில்லை.

பழனிச்சாமி சொன்னபடியே குழாயைச் சரிசெய்தான். பாயிண்ட் பார்ப்பவரைக் கூட்டிவந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேறு போர் போட்டான். நல்ல தண்ணீர் வந்தது. திறப்பு விழாவுக்கு நான் போவதாக இல்லை. அவனே காரில் வந்து, என்னோடு மல்லிகாவையும் என் மகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனான். சாந்தி கல்வெட்டின் திரையை விலக்கினார். கிரானைட் கல்லில் முதல் வரியிலேயே 'நீரோட்டம் கண்டவர்: திரு. சண்முகம்' என்று இருந்தது. பழனிச்சாமியின் பெயர் அதற்குக் கீழே.

"என்னடா இது?" என்றேன், கல்லைக் காட்டி.

"கல்லு முன்னாடியே அடிக்கக் குடுத்துட்டேன் மாப்ளே. இருந்துட்டுப் போகட்டும். நீ காட்டுன எடத்துல தண்ணி வரலைன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆசைப்பட்டபடியே என் பெயர் அவன் பெயருக்கு மேலே ஏறிவிட்டது. அதையும் அவன் கையாலேயே வாங்க வேண்டியிருந்ததே என்று அன்று ராத்திரி வரை வயிறு எரிந்தது. இன்றைக்கும் லேசாக எரியத்தான் செய்கிறது.

இப்போதும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால், மல்லிகா கடைக்குப் போன் செய்வாள். கடையில் ஆள் இருக்கிறார்களா, வியாபாரம் நடக்கிறதா, எதையும் கேட்க மாட்டாள்.

"ஏனுங்க, கொழாயில தண்ணி வரல. உங்ககூடப் படிச்சவங்க யாராச்சும் முன்னுக்கு வந்துட்டாங்களா?"