உட்கார முடியாத நாற்காலிகள்

உலக வர்த்தக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: எங்கள் முதலாளி வீட்டு மாப்பிள்ளை பட்டறைக்கு வருவதற்கு முன், வந்ததற்குப் பின். முந்தைய இருண்ட காலத்தில் மனிதர்கள் மரத்தை அறுத்து, இழைத்து, பசை தடவி, ஆணி அடித்து, பிறர் உட்காரக்கூடிய நாற்காலிகளைச் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடுமையைக் கண்ணால் கண்டவன் என்ற தகுதியில், இந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

நான் பட்டறையின் மேனேஜர். பில் போடுவது, ஃபோன் எடுப்பது, மரத்தூளில் வந்து படுக்கும் பூனையை விரட்டுவது எல்லாம் 'நிர்வாகம்' என்ற ஒரே சொல்லில் அடக்கம். நாற்காலிப் பட்டறையின் மேனேஜர் எதில் உட்காருவார் என்று கேட்பீர்கள். முக்காலியில். அதிலும் ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்தால் அது சாயாது; அட்டை நழுவினால் நானும் சேர்ந்து சாய்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முதலாளி, "உங்களுக்கு ஒரு கை வெச்ச நாற்காலி போட்டுடலாம் மேனேஜர், இந்த ஆர்டர் நெருக்கடி முடியட்டும்" என்று வாக்குக் கொடுத்தார். நெருக்கடி முடிவதற்குள் என் இடுப்பு முடிந்துவிட்டது.

மேஸ்திரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. மிச்சம் விழுந்த தேக்குத் துண்டுகளைச் சேர்த்துவைத்து, கை ஒழிந்தபோதெல்லாம் எனக்கென்று ஒரு நாற்காலி செய்தார். என் முழங்கைக்குத் தோதான உயரத்தில் கைகள், என் முதுகு வளைவுக்கு ஏற்ற சாய்மானம். பாலிஷ் போடும் அக்கா முதல் பூச்சாக ஒரு கை பாலிஷ் அடித்துக் காயவைத்திருந்தார். இன்னொரு கை அடித்தால் என் வாழ்க்கை பூர்த்தி. நான் தினமும் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

"தொடாதீங்க சார்! விரல் ரேகையா பதியுது. இது நாற்காலியா, இல்ல போலீஸ் ஸ்டேஷனா?" என்று அக்கா சத்தம் போடுவார்.

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். வரும்போதே தமக்கென்று ஒரு சுழல் நாற்காலியும் கொண்டுவந்தார். வேறு கடையில் வாங்கியது. நாற்காலிப் பட்டறைக்குள் வெளி நாற்காலியோடு நுழைவதற்கு எவ்வளவு தொலைநோக்கு வேண்டும்! "நம்ம நாற்காலி சுத்தாது மாமா" என்றார். முதலாளி உடனே மேஸ்திரியை ஒரு முறை முறைத்தார். இத்தனை காலமும் சுற்றாத நாற்காலிகளைச் செய்து பட்டறையை ஏமாற்றியவர் அவர்தானே.

மாப்பிள்ளை பேச்சுக்கு எங்கள் முதலாளியிடம் மறுபேச்சு கிடையாது. மாப்பிள்ளை தும்மினால் மாமா ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துவார். ஆகவே மாப்பிள்ளை 'வளர்ச்சி ஆலோசனைக் கூட்டம்' என்று ஒன்றைக் கூட்டியபோது, ரம்பத்தையே நிறுத்திவிட்டார்.

"இது ஒரு ஆன்லைன் விளையாட்டு மாமா" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "லட்சக்கணக்கான பேர் உள்ளே ஆளுக்கொரு ராஜ்யம் கட்டிக்கிட்டு இருக்காங்க. வாள் வேணும், குதிரை வேணும், அரண்மனையில போட நாற்காலி வேணும். அதையெல்லாம் ஆடறவங்களே செஞ்சு, அவங்களே விலை வெச்சு, அவங்களுக்குள்ளேயே வித்துக்கறாங்க. அதுக்குன்னு உள்ளே ஒரு சந்தையே இருக்கு. சேர்ற பொற்காசை, விளையாட்டுக் கம்பெனி கமிஷன் பிடிச்சுக்கிட்டு நிஜப் பணமா மாத்திக் குடுக்குது."

"மரம்?" என்றார் முதலாளி.

"உள்ளேயே காடு இருக்கு. வெட்டிக்கலாம். இலவசம்."

"லாரி வாடகை?"

"லாரியே கிடையாது மாமா."

"பாலிஷ்?" என்று அக்கா கவலையோடு கேட்டார்.

"தானா பளபளன்னு வந்துடும்."

"கால் ஆடுதுன்னு திருப்பி எடுத்துட்டு வந்து நின்னா?" இது மேஸ்திரி.

"அங்கே எந்தக் காலும் ஆடாது மேஸ்திரி."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மரவாடிக்காரரோடும் லாரிக்காரரோடும் மல்லுக்கட்டியே தலை நரைத்த மனிதர். மரமே இல்லாத மர வியாபாரம் அவருக்கு மோட்சம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு தட்டுத் தட்டினார். திரையில் ஒரு நாற்காலி முளைத்தது. சந்தையில் வைத்தார், யாரோ ஒரு சிற்றரசர் வாங்கிப்போனார். வந்த பணத்தில் பட்டறை முழுக்க டீ குடித்தோம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரமே ரம்பத்துக்குத் தார்ப்பாய் போர்த்தினோம். இழைப்பு மேசைகள் மேல் கம்ப்யூட்டர்கள் ஏறின. தச்சர்கள் காதில் செருகிய பென்சிலோடு வரிசையாக உட்கார்ந்து மவுஸைத் தட்டினார்கள். சிலர் பழக்கதோஷத்தில் திரையை ஊதி, இல்லாத மரத்தூளைத் துடைத்தார்கள். 'உற்பத்தி' முன்பைவிடப் பன்மடங்கு பெருகியது என்று நான் அறிக்கை தயாரித்தேன். என் நாற்காலி மட்டும் ஒரு கை பாலிஷோடு மூலையில் நின்றது. அக்காவின் கையிலும் மவுஸைக் கொடுத்துவிட்டார்களே!

ஆனால் சரக்கு நகரவில்லை. முதல் நாற்காலி போன வேகம் என்ன, மற்றதெல்லாம் கல்லுப் பிள்ளையாராகக் கிடந்தது என்ன! அடுத்தவர் நாற்காலிகள் பறந்தன. எங்களுடையதை ஒருவரும் சீந்தவில்லை. மாப்பிள்ளை விலையைக் குறைத்தார். பெயரை 'ராஜயோக நாற்காலி' என்று மாற்றினார். ஊஹூம்.

ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அக்கா உரக்கப் படித்தார்: "'புதுசுன்னு சொல்லிப் பழசை விக்கறீங்களே, வெட்கமா இல்ல?'ன்னு எழுதியிருக்கான் சார்."

"பழசா? எதுடா பழசு?" என்று மேஸ்திரி எகிறினார்.

தோண்டித் துருவியதில் உண்மை வெளிவந்தது. எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எந்த நாற்காலியும் மேஸ்திரி ஒருமுறை உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்க்காமல் வாசலைத் தாண்டாது. விளையாட்டுக்குள் போனதும் சட்டம் மாறிவிடுமா? மேஸ்திரிக்கு உள்ளே ஒரு உருவம் கொடுத்திருந்தார்கள். தாடியும் வாளுமாக ஒரு படைத்தளபதி. அந்தத் தளபதி, தச்சர்கள் தட்டிக் குவித்த ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, அசைந்து, எழுந்து, அப்புறம்தான் சந்தைக்கு அனுப்பினார். நானும் அதை 'தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு' என்று பெருமையாக அறிக்கையில் போட்டிருந்தேன். அந்த விளையாட்டின் விதியோ வேறு: ஒருவர் உட்கார்ந்துவிட்டால் நாற்காலியின் அடியில் 'பயன்படுத்தியது' என்ற முத்திரை தானாக விழுந்துவிடும். முதல் நாளில் மாப்பிள்ளை மேஸ்திரியிடம் காட்டாமல் விற்ற ஒன்றே ஒன்றுதான் 'புதுசு'.

"உங்களை யாரு மேஸ்திரி உட்காரச் சொன்னது?" என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்தார்.

"நாற்காலி பின்ன எதுக்குங்க?" என்றார் மேஸ்திரி. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் தார்ப்பாயை விலக்கி ரம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டிருப்பான். மாப்பிள்ளை சாதாரண மனிதரா? சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றபோது அவரிடம் அடுத்த திட்டம் தயாராக இருந்தது.

"மாமா, சந்தையில இருக்கிற நாற்காலி மொத்தத்தையும் நாமளே வாங்கிப் போட்டுடுவோம். அப்புறம் யாருக்கு நாற்காலி வேணும்னாலும் நம்மகிட்டதான் வரணும். நாம வெச்சதுதான் விலை!"

மரம் வாங்க வைத்திருந்த பணம் உள்ளே போனது. 'நாற்காலி நாயகன்' என்ற பெயரில் மாப்பிள்ளை வாங்கித் தள்ளினார். என்ன விந்தை, வாங்க வாங்கச் சந்தையில் நாற்காலி குறையவே இல்லை. ஒரு தட்டில் ஒரு நாற்காலி முளைக்கும் உலகத்தில், வாங்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் தட்டாமல் இருப்பார்களா? இதை நான் பணிவோடு எடுத்துச் சொன்னேன்.

"மேனேஜர் சார், நீங்க இன்னும் மரத்துலயே இருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. "கடைசிக் கட்டம். இன்னும் கொஞ்சம் பணம் போட்டா முடிஞ்சது. இங்கே கிடக்கற நிஜச் சாமானையெல்லாம் வித்துடலாம்."

பட்டறையில் இருந்த நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல் என்று உட்காரும் ஜாதி அத்தனையும் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டார். என் முக்காலியும் போனது. கடைசியாக மூலையில் நின்ற என் கை வைத்த நாற்காலிமேல் அவர் பார்வை விழுந்தது.

"அது மட்டும் வேணாம் சார். அது எனக்குன்னு செஞ்சது" என்றேன்.

"பொருள் மேல பற்று வைக்கக் கூடாது மேனேஜர் சார். நீங்க கவலையே படாதீங்க, உங்களுக்கு உள்ளே ஒரு சிம்மாசனமே போட்டுத் தர்றேன்."

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். அக்கா மவுஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் நாற்காலிக்கு இரண்டாம் கை பாலிஷ் அடிக்க உட்கார்ந்தார். "போற இடத்துலயாவது பளபளன்னு இருக்கட்டும்" என்றார் கடைசியில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாலிஷ் நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மொத்தச் சாமானையும் வாங்க ஒரு பெண்மணி லாரியோடு வந்தார். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலையாம். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், கைகளை வைத்துப் பார்த்தார், சாய்ந்தார், கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு சார். நாள் முழுக்க ஸ்டூல்ல உட்கார்ந்து என் இடுப்பே போச்சு."

அந்த இடுப்பை எனக்குத் தெரியும். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. "இவ்வளவு சாமானும் எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இது எனக்கு. மத்ததெல்லாம் என்கூட விளையாடற ஃபிரண்ட்ஸுக்கு. அதை ஏன் சார் கேக்கறீங்க, நாங்க ஒரு ஆன்லைன் கேம் ஆடறோம். கொஞ்ச நாளா எங்க சந்தையில ஒரு கூமுட்டை வந்து நாற்காலியா வாங்கித் தள்றான். நாங்க தட்டிக்கிட்டே இருக்கோம், அவன் வாங்கிக்கிட்டே இருக்கான். அந்தப் பணத்துலதான் இதெல்லாம். என்னவோ 'நாற்காலி நாயகன்'னு பேரு. மகராசன், நல்லா இருக்கணும்!"

எல்லாரும் மெதுவாகத் திரும்பினோம். மாப்பிள்ளையின் சுழல் நாற்காலி அதைவிட மெதுவாகச் சுழன்று, சுவரைப் பார்த்து நின்றது. மேஸ்திரி முதலில் சிரித்தார். அப்புறம் அக்கா. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். முதலாளிதான், பாவம், மாப்பிள்ளை அல்லவா!

லாரி கிளம்பும்போது மேஸ்திரி வழிமறித்தார். விற்ற ஒவ்வொன்றிலும் ஒருமுறை உட்கார்ந்து, அசைந்து பார்த்த பிறகே ஏற்றவிட்டார். அந்தப் பெண்மணி அதைப் படம் பிடித்துத் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளையே எதிர்பார்க்கவில்லை. அந்த ராஜ்யங்களின் மன்னர்கள் எல்லாரும் வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களாம். படத்தைப் பார்த்ததும் ஆர்டர் கொட்டியது. "மேஸ்திரி உட்கார்ந்து பார்த்ததுதான் வேணும்" என்று கேட்டு வாங்கினார்கள். தார்ப்பாய் விலகியது. ரம்பம் இரைந்தது. பூனை மரத்தூளுக்குத் திரும்பி வந்தது.

முதலாளி உடனே பாராட்டுக் கூட்டம் போட்டார். உட்கார ஒன்றும் மிச்சமில்லாததால் நாங்கள் நின்றுகொண்டே கலந்துகொண்டோம். "ஆன்லைன் சந்தையில பணம் பண்ணலாம்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் மாப்பிள்ளை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். இந்த வரலாற்றை எழுதும்படி எனக்கு ஆணை பிறந்தது அப்போதுதான்.

"எழுதறேன் முதலாளி. உட்கார ஒரு நாற்காலி..."

"போட்டுடலாம் மேனேஜர். இந்த ஆர்டர் நெருக்கடி முடியட்டும்."

மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். விளையாட்டுக்குள் எனக்கு நிஜமாகவே ஒரு சிம்மாசனம் போட்டுக் கொடுத்தார். என் உருவம் அதில் உட்கார்ந்ததும் அடியில் 'பயன்படுத்தியது' என்று எழுத்து வந்தது. எனக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இதை நின்றபடியேதான் எழுதி முடிக்கிறேன். வரலாறு எழுதுகிறவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். பொருள்மேல் பற்று வைக்கக் கூடாது என்று எங்களுக்கு உபதேசித்து, என் முக்காலி உட்பட எங்கள் எல்லாருடைய இருக்கையையும் விற்ற அந்த மாமேதை, ஒரே ஒரு நாற்காலியை மட்டும் கடைசிவரை படம் பிடிக்கவே இல்லை. இப்போதும் அதில் உட்கார்ந்துதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்.