கூரையில் நடந்த இன்டர்வியூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கூரைமேல் ஏறியதில் ஒரு தப்பும் இல்லை. என் வீட்டுக்காரர் வேறு மாதிரி சொல்வார். கிள்ளானில் இருக்கும் என் நாத்தனார்கள் கையைக் காலை ஆட்டி, இன்னும் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் யாரும் அப்போது கூரைமேல் இல்லை. நான் இருந்தேன். (ஆகவே நான் சொல்வதுதான் வரலாறு.)

எங்கள் வீடு கேரி தீவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஃபைபர் லைன் அடுத்த மாதம் வரும், அதற்கடுத்த மாதம் வரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நான் சாட்டலைட் இன்டர்நெட் வாங்கினேன். ஆள் வைக்கவில்லை. வீடியோ பார்த்து நானே மாட்டினேன். அதன் ஆன்டெனாத் தட்டை, கார் போர்ச்சின் தகரக் கூரையில் நிறுத்தி, கேபிளை முன்னறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, ரவுட்டரில் செருகினேன். என் வீட்டுக்காரர் குமரன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுகிற மனிதர். ஆனால் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறச் சொன்னால் மட்டும், "கிரேன்ல கேபின் இருக்கு, கதவு இருக்கு, ஏர்கோன் இருக்கு. இங்க என்ன இருக்கு?" என்று கேட்பார்.

இன்டர்நெட் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு கெட்ட குணம்தான். நான் சும்மா சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் ஆறுபோல ஓடும். பேங்க்காரரோடோ மகளின் டீச்சரோடோ வீடியோவில் பேச உட்கார்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். முக்கியமான விஷயம் எது என்று ரவுட்டருக்கு யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் தெலுக் பங்லிமா காராங்கில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த தொழிற்சாலையை மூடினார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையாகத் தேடினேன். நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. என்ன வேலை தெரியுமா? இன்டர்நெட் வரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்கு, எப்படிச் சரி செய்வது என்று சொல்லித் தருகிற வேலை. எனக்காகவே கடவுள் உட்கார்ந்து தயாரித்த வேலை.

"நேர்ல வரீங்களா, ஆன்லைன்ல பேசலாமா?" என்று கேட்டார்கள்.

"நேர்லயே போயிடு லா வசந்தி, நான் கொண்டுபோய் விடறேன்," என்றார் குமரன்.

இன்டர்நெட் வேலைக்குப் போகிறவள், வீட்டில் இன்டர்நெட் சரியில்லை என்று நேரில் போய் நிற்பதா? ஆன்லைன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலை மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே வீட்டில் கட்டுகிற பூப்போட்ட கைலி, பாத்தேக் சாரோங். (கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே வேலை இல்லை.) குமரன் லீவு போட்டுவிட்டு உதவிக்கு நின்றார். முக்கியமான வீடியோ கால் என்றால் அவர் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தார். நாயைப் பின்பக்கம் கட்டினார், காற்றாடியின் வேகத்தைக் குறைத்தார், செம்பனை லோரிச் சத்தம் வரக்கூடாது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். தட்டினேன். கெஞ்சினேன். திட்டினேன். பிறகு சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். தட்டை ஒரு விரல் அளவு திருப்பி, "வந்துருச்சா?" என்று கத்தினேன்.

குமரன் ஜன்னலைத் திறந்து, "என்ன?" என்றார். அடுத்த நொடி, "வந்துருச்சு! விளக்கு வெள்ளையாயிருச்சு!"

வெற்றியோடு இறங்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். குமரன் ஜன்னலைச் சாத்தினார். சிவப்பு.

மறுபடி ஏறினேன், திருப்பினேன், கத்தினேன். அவர் திறந்தார். வெள்ளை. இறங்கினேன், அவர் சாத்தினார். சிவப்பு. இன்டர்வியூவுக்கு நேரம் வந்துவிட்டது. மூளையுள்ள பெண் என்ன முடிவுக்கு வருவாள்? நான் மேலே இருந்தால் இன்டர்நெட் வருகிறது. எனவே நான் மேலேயே இருக்க வேண்டும்.

"லேப்டாப்ப மேல குடுங்க!"

குமரன் கண்ணை மூடிக்கொண்டு ஏணியில் பாதி ஏறி, லேப்டாப்பையும் தலையணையையும் குடையையும் நீட்டினார். பக்கத்து வீட்டுச் சரசு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னடி வசந்தி, கூரை ஒழுகுதா?"

"இன்டர்வியூ அக்கா!"

"ஐயோ, கூரை வேலைக்கா போறே?"

பதில் சொல்ல நேரமில்லை. திரையில் ரமணன் என்ற அதிகாரியும், மேனேஜர் மிஸ் லிம்மும் வந்துவிட்டார்கள். "உங்க பேக்ரவுண்ட் ரொம்ப அழகா இருக்கு. செம்பனையெல்லாம் நெசமாவே ஆடுது," என்றார் ரமணன். நன்றி சொன்னேன். தகரம் பின்னால் சுட்டது. சிரித்தபடியே தலையணையை நகர்த்தினேன்.

"கஸ்டமர் ஒருத்தர் இன்டர்நெட் வரலைன்னு கூப்பிடறாரு. என்ன செய்வீங்க?"

மனப்பாடமாக இருந்தது. "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும்தான் மாத்திப் பார்க்கணும் சார். ரெண்டு மூணு சேர்த்து மாத்தினா எது காரணம்னு கண்டுபிடிக்க முடியாது."

"வெரி குட்!" என்றார் ரமணன். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்துக் குடை பறந்தது. அதைப் பிடிக்க எழுந்தேன். கோட்டு, சாரோங், தகரக் கூரை, கீழே வாய் பிளந்த சரசு அக்கா, எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்தன.

"மேடம்... நீங்க எங்க இருக்கீங்க?"

மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கூரையில சார். நான் ஏறினா லைன் வருது, இறங்கினா போயிருது. அதான் இங்கயே உட்கார்ந்துட்டேன்."

ரமணன் திரைக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க ஏறும்போது, வேற ஏதாச்சும் மாறுதா?"

"ஒண்ணும் மாறல சார்."

கீழேயிருந்து குமரனின் குரல் வந்தது. "ஜன்னல் திறந்திருக்கு லா! நீ கத்தறது எனக்குக் கேக்கணும்ல!"

"பிரதர், அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க," என்றார் ரமணன்.

குமரன் சாத்தினார். கண்ணாடிப் பட்டை கேபிளைக் கடித்தது. திரை உறைந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தேன். திறந்த வாயோடு அவர்கள் திரையில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஜன்னலைத் திறந்து லைன் வந்தபோது மிஸ் லிம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒன் மோர் டைம், ப்ளீஸ்?" என்றார். யார் எது கேட்டாலும் குமரன் மறுக்கமாட்டார். மறுபடியும் சாத்தினார்.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. லைன் திரும்பியதும் சொன்னேன்: "சிரிங்க சார். ஆனா இந்த ஃபால்ட்டக் கண்டுபிடிக்கக் கூரை வரைக்கும் ஏறின கேண்டிடேட் உங்களுக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?"

இருந்திருப்பார்கள் போல. வேறொருவரை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது. சும்மா விடவில்லை. 'கேபிள் பிரச்சினை தீர்ந்தது, புகாரை மூடிவிடலாம்' என்று பதில் எழுதி அனுப்பினேன். அன்றே சுவரில் துளை போட்டுக் கேபிளை மாற்றினேன். பிறகு வேறொரு கம்பெனியின் இன்டர்வியூவுக்கு முன்னறையில், ஜன்னலை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். லோரி உறுமிக்கொண்டு போனது. "செம்பனை லோரி மேடம், இப்பப் போயிரும்," என்றேன். வேலை கிடைத்தது. இன்றுவரை அதில்தான் இருக்கிறேன்.

குடும்பத்தில் இதை யாராவது சொல்கிறார்களா என்றால், இல்லை. கூரையை மட்டும்தான் சொல்கிறார்கள். போன வாரம் கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மைக் நின்றுபோனது. நாத்தனார்கள் மேசையிலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்: "அண்ணி, ஏணி கொண்டுவரச் சொல்லவா?"

முந்நூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. குமரன் சாம்பார் வாளிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தார். நான் எழுந்தேன். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன்.

"சொல்லுங்க," என்றேன். "நல்ல உயரமான ஏணியா."