கையில்லாத நாற்காலி ஒன்று அனுப்பவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், உன் கடை, கடையில் விற்காமல் நிற்கும் கட்டில் மேஜை வரைக்கும் அத்தனையும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாடிக்கையாளரிடம் ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். எனக்கு வருகிற சனிக்கிழமைக்குள் இன்னொரு நாற்காலி வேண்டும். "இன்னுமா?" என்று நீ தலையில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. கையை எடுத்துவிட்டு மேலே படி.

தையல் கம்பெனியில் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து ஊரில் உள்ளவனுக்கெல்லாம் காலர் தைத்து என் முதுகு போனது உனக்குத் தெரியும். வேலையை விட்டதும் கிட்டார் வாங்கினேன். "இந்த வயசுல கிட்டாரா?" என்று கேட்காதவன் நீ ஒருத்தன்தான். நீ கேட்கவில்லை, சிரித்தாய். இத்தனை வருஷம் என் கை அடுத்தவன் சட்டைக்காகவே ஓடியது, இனிமேலாவது எனக்காகக் கொஞ்சம் ஓடட்டும் என்று ஆசைப்பட்டேன். இது ஒரு தப்பா? வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பாட்டு வாசிக்கிறோம். என்னைத் தவிர எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். டீச்சர் என் மகனைவிடச் சின்னவள், ஆனால் கண்டிப்பில் எங்கள் பழைய சூப்பர்வைசரே தோற்றுப்போவார். "ஆன்ட்டி, உங்க பாட்டு நாலு நிமிஷம். நடுவுல அம்மான்னு முதுகப் பிடிச்சிக்கிட்டு எழுந்திரிச்சா நல்லா இருக்காது. முழுசா வாசிக்க முடியும்னா பேர் குடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் என் முதுகு எந்த கதியில் இருக்கும் என்று யார் கண்டது? பேரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

டாக்டரிடம் போனேன். "கை வெச்ச நாற்காலியா வாங்குங்க, நல்லா பின்னால சாஞ்சு உக்காருங்க" என்றார். டீச்சரிடம் வந்து சொன்னால், "கையே இருக்கக் கூடாது ஆன்ட்டி, கிட்டார் இடிக்கும். சாயவும் கூடாது, நுனியில உக்காருங்க" என்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர்கள் இருவரையும் நேரில் பேச வைத்துவிடலாம் என்று பார்த்தால், யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

முதலில் நீ அனுப்பியது சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. டாக்டர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஆனால் கிட்டாரின் வயிறு நாற்காலியின் கையில் இடித்தது. கிட்டாரைத் தூக்கிப் பிடித்தால் என் தாடையில் இடித்தது. போதாக்குறைக்கு, காலால் தாளம் போடப் போட நாற்காலி நகர்ந்துகொண்டே போய், ஜன்னலோரம் ஆரம்பித்த பாட்டு சமையலறை வாசலில் வந்து முடிந்தது. இதை உன் அத்தானிடம் சொன்னது என் புத்தி. "நீ உக்கார்ற விதம் சரியில்ல, நகரு, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். இப்போது சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை, ஹாலிலிருந்து மேஜைக்கு உருண்டே வருகிறார்.

இரண்டாவதாக நீ அனுப்பியது கையில்லாத மெத்தை நாற்காலி. டீச்சர் சொன்னபடி நுனியில்தான் உட்கார்ந்தேன். நுனியும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. முழங்கால் மோவாய்க்கு வந்து, நடுவில் கிட்டார் மாட்டிக்கொண்டு, என்னை எடுப்பதா கிட்டாரை எடுப்பதா என்று வீடே கூடி யோசித்தது. என் மாமனார் பார்த்துவிட்டு, "புதுச் செருப்பு மாதிரிதாம்மா, பழக்கணும். நான் வேணா ரெண்டு நாள் உக்காந்து பழக்கித் தரேன்" என்றார். இன்னமும் பழக்கிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியாது. நானும் உன் அத்தானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்படி இழுத்ததில் என் முதுகில் மிச்சம் இருந்ததும் போனது. அதற்காக நாற்காலியை விட்டுக்கொடுப்பாரா என்றால், மூச்.

மூன்றாவதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெறும் மரம், நேரான முதுகு, கை கிடையாது. முதல் நாளே பாதிப் பாட்டு வலியில்லாமல் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அதன் முதுகில் என் மகனுடைய சட்டை ஒன்று தொங்குகிறது. "ஒரே ஒரு சட்டைதானேம்மா" என்றான். சாயங்காலம் அந்தச் சட்டைக்குத் துணையாக ஒரு பேண்ட் வந்தது. அப்புறம் துண்டு, போர்வை, துவைத்தது, துவைக்காதது, இரண்டும் இல்லாதது. இன்றைக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். எல்லாவற்றையும் எடுத்து மடித்தேன் என்று வை, மடித்ததை வைக்க இந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம் அந்த நாற்காலிதான். வாழ்நாள் முழுக்கச் சட்டை தைத்தவள், கடைசியில் சட்டையிடமே நாற்காலியைப் பறிகொடுத்தேன்.

சாப்பாட்டு மேஜை நாற்காலிகளுக்கும் கை உண்டு, கிட்டார் இடித்தது. கட்டில் நுனியில் உட்கார்ந்து பார்த்தேன், சறுக்கியது. தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நானாக, எழுந்தது பக்கத்து வீட்டுக்காரர் உதவியால். கடைசியில் எனக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? சிரிக்கக் கூடாது. கழிப்பறை. மூடியைப் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்தால் உயரம் கச்சிதம். கை கிடையாது, ஆடாது, அசையாது, உள்ளே வாங்காது. களைத்தால் சாய்ந்துகொள்ளப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. டாக்டரும் டீச்சரும் ஒத்துப்போகிற ஒரே ஆசனம் உலகத்தில் அதுதான். சுற்றிலும் டைல்ஸ் என்பதால் நான் வாசிப்பது எனக்கே பிடித்துப்போனது. ஆனால் நம் ராசி தெரியுமே, நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் இந்த வீட்டு மனுஷர்களுக்கு வயிறு என்ற ஒன்று ஞாபகத்துக்கு வரும். மாமனார் கதவைத் தட்டுவது ஒரு தாளம், உன் அத்தான் தட்டுவது இன்னொரு தாளம், நான் வாசிப்பது மூன்றாவது.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"ரெண்டாவது சரணத்துல இருக்கேன்."

"அதுவரைக்கும் தாங்காது, எழுந்து வா."

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகன் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். "மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குதும்மா. நல்லா இருக்கே, எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றான். நல்லா இருக்கே என்று அவர்கள் சொன்னதைப் பற்றி அவனுக்கு ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை பார். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று மூன்று பேரையும் கேட்டேன். உன் அத்தானுக்கு மேட்ச் இருக்கிறதாம். மகனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தூக்கமாம். மாமனார் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கெல்லாம் சரியா உக்கார எடம் இருக்காதும்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் போன பிறகு வருத்தமாக இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஆகவே தம்பி, தையல் டேப்பை வைத்து அந்த ஆசனத்தின் உயரம், அகலம் எல்லாம் அளந்து இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதே அளவில் மரத்தில் ஒன்று செய்து அனுப்பு. எதன் அளவு என்று உன் தச்சரிடம் உளறி வைக்காதே, நடுவில் ஓட்டை வேண்டாம் என்று மட்டும் சொல். முக்கியமான விஷயம், பார்க்க அசிங்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு நல்லது. பார்த்தவனுக்கு உட்காரவோ சட்டையைத் தொங்கவிடவோ ஆசையே வரக் கூடாது. இது வரவில்லை என்றால் நான் மேடையில் நாலு நிமிஷம் தாங்க மாட்டேன், பேரைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் கடையில் கூட்டம் நெரியட்டும். கட்டில் பீரோவையெல்லாம் நீயே தூக்காதே, நம் குடும்பத்து முதுகை நம்ப முடியாது. நீ நூறு வயசு வரை நிமிர்ந்து நடக்க ஆசீர்வதிக்கும்,

உட்கார இடமில்லாத உன் அக்கா.

பி.கு.: நாற்காலி வேண்டாம். தச்சரிடம் சொல்லியிருந்தால் நிறுத்து. கடிதத்தை உறையில் போடும் நேரம் பார்த்து டீச்சர் வந்தாள். குப்புறக் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி, நின்னுக்கிட்டே வாசிங்களேன்" என்று பையிலிருந்து ஒரு வாரை எடுத்துக் கிட்டாரில் கட்டி என் தோளில் மாட்டிவிட்டாள். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டால், "நீங்க நாற்காலியப் பத்தித்தானே கேட்டீங்க" என்கிறாள். அவளை என்ன செய்தால் தகும்? ஆனால் முழுப் பாட்டையும் வாசித்தேன், தம்பி. ஒரு இடத்திலும் முதுகைப் பிடிக்கவில்லை. முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வந்த காரியம் வேறு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் உட்கார நாற்காலி பற்றவில்லையாம், நம் வீட்டில் ஏதாவது இருக்குமா என்றாள். என் வீட்டிலா இல்லை? உன் அத்தானை எழுப்பி, துணியையெல்லாம் மகன் படுக்கையில் கொட்டி, மாமனாரை இரண்டு பேராக இழுத்து வெளியே எடுத்து, மூன்றையும் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளோடு சேர்த்து அவள் கொண்டுவந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இப்போது மூன்று பேரும் காலி ஹாலில் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

"நாங்க எங்க உக்கார்றது?" என்றார் உன் அத்தான்.

"முன்வரிசையில" என்றேன். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு."