கேக்கில் எழுதிய 1,8

ஜெர்மனியில் பள்ளிப்படிப்பை முடிக்கிறவர்கள் இரண்டு பரீட்சை எழுத வேண்டும். ஒன்று பள்ளி வைப்பது. மற்றது, தன் சராசரியைத் தானே கணக்கிட்டுப் பார்ப்பது. முதலாவதில் நான் பாஸ். இரண்டாவதில் தோற்றேன், அதுவும் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். வெட்கப்பட வேண்டுமாம். மாட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா ஸ்டுட்கார்ட்டில் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். இங்கே ஒன்றுதான் மிக நல்ல சராசரி, எண் கூடக்கூட மோசம் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் போனது. ("குறைஞ்சால் நல்லமோ? அப்ப என்ரை சம்பளம் திறம்.")

கடைசி இரண்டு வருடப் புள்ளிகளில் சிலவற்றைச் சேர்க்காமல் விடலாம் என்று ஒரு விதி உண்டு. எந்தப் பாடங்களை விடவே கூடாது என்ற விதி அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்திலேயே மகிழ்ச்சியில் எழுந்து போய்விட்டேன். என் புள்ளிகளில் படுமோசம் கணிதம். அதைத் தூக்கி வெளியே போட்டேன். கூடவே இரசாயனத்தையும். மீதியைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 1,8! (இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி.)

அப்பா மண்டபம் எடுத்தார். சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர்கள், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெரியப்பா எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கேக்கில் நீல எழுத்தில் 1,8 என்று எழுதச் சொல்லியாயிற்று.

விருந்துக்கு முதல் நாள் பள்ளியில் உத்தியோகபூர்வமாகச் சொன்னார்கள்: 2,1. கணிதத்தை விட யாருக்கும் அனுமதி இல்லை. இந்தக் கணக்கை யார் போட்டது என்று ஆசிரியை கேட்டார். நான்தான் என்றேன். என் கணிதப் புள்ளியை ஒருமுறை பார்த்தார். விளங்கிவிட்டது என்று தலையாட்டினார்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மண்டபத்துச் சமையலறையில், அப்பா வடை சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். அவர் வடைகளைத் திருப்பிப் போட்டார்.

"மாத்தேயை விட்டிட்டோ கூட்டினனீ?" (கணிதத்துக்கு இங்கே அதுதான் செல்லப்பெயர்.)

அம்மா கரண்டியோடு கேக்குப் பக்கம் போனா. எழுத்தை வழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாதாம். எனக்குப் பிடிவாதம் ஏறியது. அந்த 2,1 இரவல் வாங்கியதல்ல, நான் படித்து எடுத்தது.

"வழிக்க வேண்டாம் அம்மா. நானே சொல்லுறன்."

மைக்கைப் பிடித்துச் சொன்னேன். பெரியப்பா எழுந்தார்.

"கனடாவிலை யூனிவர்சிட்டியிலை நாலுக்குத்தான் புள்ளி போடுறவை, கூடக்கூடத் திறம். ஒண்டு எட்டிலை நிண்டவன் ஒரு நாளிலை ரெண்டு ஒண்டுக்கு ஏறியிருக்கிறான். கை தட்டுங்கோ."

தட்டினார்கள். விஷயம் தெரிந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். அப்போதே இறங்கியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

"ஏறேல்லை பெரியப்பா. இறங்கிப்போச்சுது" என்று தொடங்கினேன். அரையாண்டுப் புள்ளிகள், எதை விடலாம், எதை விடக்கூடாது, பரீட்சைப் புள்ளியை எத்தனை மடங்காக எண்ணுவார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. குழந்தைகள் அழுதன. யாரோ கேக்கை வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அப்பா வடைக்கரண்டியோடு வெளியே வந்தார்.

"தம்பி, பாஸ்தானே?"

"ஓம் அப்பா."

"எங்கடை வீட்டிலை முதல் பாஸ். காணும், இறங்கு. சோறு ஆறுது."

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன்.

அந்த 2,1-ஐ வைத்துக்கொண்டு இப்போது பான் நகரப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். நான் ரயில் நேரத்தைப் பார்த்துச் சொன்னாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "மாத்தேயும் சேர்த்தோ?" பெரியப்பாவோ ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் எடுத்து, இப்போது மூன்றைத் தாண்டிவிட்டேனா என்று விசாரிக்கிறார். நானும் விடுவதில்லை, முதலிலிருந்து விளக்குகிறேன். பரீட்சைக்கு எத்தனை மடங்கு என்கிற இடம் வந்ததும் போன் பெரியம்மாவின் கைக்குப் போய்விடுகிறது.