மாமனாரை உள்ளே அனுப்பிய கட்டுரை

பேனா பிடித்தவர்களில் மந்திரிகளைச் சிறைக்கு அனுப்பியவர்கள் உண்டு. போலிச் சாமியார்களை அனுப்பியவர்களும் உண்டு. என் எழுத்தால் இதுவரை உள்ளே போனவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மாமனார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்தால் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். (நிருபர் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். ஆபீசில் என்னை ‘ஓசூர் ஆக்சிடென்ட்’ என்பார்கள்.) ஜூஜுவாடியிலிருந்து குந்தாரப்பள்ளி வரை எந்த லாரி கவிழ்ந்தாலும் நாலு வரி எழுதுவேன். படிப்பு பத்தாவது. மீதியெல்லாம் டீக்கடையில் கற்றது. யார் எதைச் சுவையாகச் சொன்னாலும் நோட்டில் குறித்துக்கொள்ளும் வியாதி மட்டும் அப்போதே இருந்தது.

அந்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம், காட்டுக் கதைகளை மனதில் பதியும்படி எழுதுவது எப்படி என்று நிருபர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி வைத்தது. மதியம் பிரியாணி என்றார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பயிற்சி கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். முதல் நாளே என்னுடைய செய்தி ஒன்றை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “காட்டு யானைகள் அட்டகாசம். ராகிப் பயிர் நாசம். விவசாயிகள் கவலை.”

“இதுல யாரு சார் இருக்காங்க?”

“யானை இருக்கு மேடம்.”

“மனுஷங்க?”

“விவசாயிகள் கவலைன்னு போட்டிருக்கேனே!”

மண்டபமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு ஆளை எடுங்க. அவர் பேரு, ஊரு, அவர் வீட்டு அடுப்பு. படிக்கிறவங்க மூக்குக்கு வாசனை வரணும்” என்றார். நான் அதைப் பெரிய எழுத்தில் குறித்து இரண்டு கோடு போட்டேன். நாம் எழுதுவதால் அந்த ஆளுக்கு என்ன நேரும் என்று யோசிப்பது பற்றி மூன்றாம் நாள் தனியாக ஒரு வகுப்பே எடுத்தாராம். சூளகிரி பக்கம் ஒரு லாரி கவிழ்ந்ததென்று நான் அன்றைக்கு வெளியே போயிருந்தேன்.

நாலாம் நாள், காட்டோர வீடு ஒன்றில் தங்கி எழுதி வரச் சொன்னார்கள். சிறந்த கட்டுரையை நிறைவு விழா மேடையில் வாசிக்கலாம். மற்றவர்கள் எங்கே போவது என்று விழித்தார்கள். எனக்குக் கவலையே இல்லை. என் மாமனார் முனியப்பனின் வீடு தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டித்தான் இருந்தது. (ஊர்ப் பெயரை இப்போது எழுத மாட்டேன். பட்டது போதும்.)

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். முதல் வருஷம் மருமகன் வந்தால் கறி போடாமல் அனுப்புவது எங்கள் பக்கம் பெரிய குறை. அந்த வீட்டிலோ அடிக்க ஒரு கோழிகூட இல்லை. மாமனாரின் ராகிக் காட்டில் பாதியை முந்தின வாரம்தான் யானை மிதித்துப் போட்டிருந்தது. மீதிப் பாதிதான் அடுத்த அறுப்பு வரைக்கும் அவர்களுக்குக் களி. அதைக் காப்பாற்ற அவர் வயலில் கட்டிய காவல் பரணிலேயே குடியிருந்தார்.

“யானையாச்சும் பரவால்ல மாப்ளே, வர்றப்ப மரத்த ஒடிச்சிச் சொல்லிட்டு வரும்” என்றார் என்னிடம். “இந்தப் பன்னி இருக்குதே, கடங்காரனாட்டம் குனிஞ்ச தல நிமிராம வந்து தின்னுட்டுப் போயிரும்.”

நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பன்றிகளில் ஒன்று யாரோ வைத்த கண்ணியில் விழுந்திருந்தது. அக்கம்பக்கத்தில் பங்கு போட்டார்கள். மருமகன் வந்திருக்கிறான் என்பதற்காக மாமனாருக்கு ஒரு பங்கு அதிகம் கிடைத்தது. களியும் குழம்பும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாமியார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

காட்டுப்பன்றி சாப்பிடுவது குற்றம் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எழுதும்போது சட்டம் ஞாபகத்துக்கு வரவில்லை, வாசனைதான் வந்தது.

நிறைவு விழாவில் என் கட்டுரைதான் முதலிடம். எழுதியதைக் கடைசி நிமிஷத்தில்தான் கொடுத்தேன். மேடம் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, “யானை பத்தி ரொம்ப நல்லா வந்திருக்கு” என்று மேடையேற்றிவிட்டார். வாசனையெல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு வனத்துறை அதிகாரி, பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் குரலைத் தழையவிட்டு வாசித்தேன். “முனியப்பனின் அடுப்பில் காட்டுப்பன்றிக் கறி தளதளவெனக் கொதிக்கிறது. மிளகுக் காரம் மூக்கைத் துளைக்கிறது. அவர் விரல்களில் கொழுப்பு மின்னுகிறது. தலைக்கு மேலே, கம்பியில் கோத்த உப்புக்கண்டம் காற்றில் ஆடுகிறது...”

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எழுத்தின் வலிமை என்று நினைத்தேன். மேடம் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார். நேரமாகிவிட்டது என்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக வாசித்தேன்.

இறங்கியதும் அதிகாரி என்னை அருகில் கூப்பிட்டார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். “ரொம்ப நேரடியா எழுதியிருக்கீங்க. எந்த ஊருன்னு சொன்னீங்க?”

என் எழுத்துக்கு முதல் ரசிகர்! ஊர், பஸ் நம்பர், இறங்கவேண்டிய இடம், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு, எல்லாம் சொன்னேன்.

“அந்த உப்புக்கண்டம் இன்னும் இருக்குமா?”

“ஒரு கம்பி பூரா இருக்கு சார். உங்களுக்கு வேணும்னா மாமாகிட்டச் சொல்லி வெக்கறேன்!”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர் போனதும் மேடம்தான் எனக்கு விளக்கினார். மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. ஊரில் போன் இருந்த ஒரே கடைக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கோயிலருகே ஜீப் நின்றது. பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவில் மாமனார். மடியில் அந்தக் குழம்புச் சட்டி, துணியால் வாய் கட்டி, சாட்சியாக. உப்புக்கண்டத்தைக் கோணிப்பையில் போட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“வாங்க மாப்ளே” என்றார் அவர். “வூட்ல களி கிண்டி வெச்சிருக்குது. சாப்ட்டுட்டுப் போங்க.”

ஜீப் கிளம்பிவிட்டது.

கறி யார் கொடுத்தது என்று எத்தனை முறை கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு பேரைச் சொல்லியிருந்தால் சுலபமாக வெளியே வந்திருப்பார் என்றார் வக்கீல். பதினைந்து நாள் ரிமாண்டு. காவலுக்கு ஆள் இல்லாத ராகிக் காட்டுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பரணில் ஏறினேன். மூன்றாம் நாள் யானைகள் வந்தன. வரும்போது மரத்தை ஒடித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தன. நான் தகரத்தைத் தட்டவில்லை, கத்தவில்லை, பரணின் கம்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மீதிப் பாதியும் இல்லை.

மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவி மஞ்சுளாதான் கேட்டாள். “ஏங்க, இதையும் எழுதுவீங்களா? போட்டோ வேணும்னா எங்கம்மாவ நிக்கச் சொல்றேன்.” தபாலில் வந்த முதல் பரிசுச் சான்றிதழை அவள் கிழிக்கவில்லை. மடித்து, ஆடுகிற கட்டிலின் காலுக்கு அடியில் வைத்தாள். கனமான காகிதம். ஆட்டம் நின்றுவிட்டது.

மாமனார் திரும்பி வந்து அந்த நிலத்தில் மறுபடி ராகி போடவில்லை. மாதா மாதம் ஓசூர் கோர்ட்டுக்கு வாய்தா. ஊரிலிருந்து போகவர முடியாமல், ஓசூரை ஒட்டி ஜூஜுவாடி பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆளுயரத் தடியோடு யானைக்கு எதிரே நின்ற மனிதர், லாரி வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனதுக்குள் நாலு பக்கத்துக்குத் தயார் செய்துகொண்டு அந்தக் கேட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் அவருக்குத் தோளில் தொங்கியது. காவல் கூண்டுக்குள் இன்னொரு வாட்ச்மேன் இருந்தார். உள்ளே வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு மேஜைமேல் திறந்திருந்தது. பேசுவதற்கு முன் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று நான் பேனாவை எடுத்தேன்.

மாமனார் மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இந்த வேலய எங்கிட்ட வுடுங்க மாப்ளே. நீங்க ஆரம்பிச்சா அடுப்பு வரைக்கும் போயிருவீங்க.”

பக்கத்து வாட்ச்மேன் விவரம் புரியாமலே சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இன்றைக்கும் ரேஷன் கடை விண்ணப்பமானாலும் கல்யாணத்தில் மொய் நோட்டானாலும், நான் பேனாவைத் தொட்டால் எங்கள் வீட்டில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

அன்று அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: ‘சும்மா.’